ஆங்கில மருந்துக்கும் பத்தியம் உண்டு

சித்த மருத்துவரிடம் மருந்து பெற்று வீடு திரும்புபவர், வந்ததும் வராததுமாகச் சொல்லும் செய்தி பெரும்பாலும் பத்தியத்தைப் பற்றியதாக இருக்கும். புளி ஆகாது, கத்தரிக்காய் ஆகாது, கருவாடு கூடாது, பகலுறக்கம் கூடாது என்று பட்டியல் நீளும். வீட்டார் அனைவரும் அதை மதித்து நடப்பர். அடுப்பங்கரையில் தனிக்குழம்பே கொதிக்கும். அதே வீட்டில் இதய நோய்க்கோ வலிப்புக்கோ ஆங்கில மருந்து உட்கொள்பவருக்கு மட்டும் அப்படி ஒரு கட்டுப்பாடும் இல்லை என்ற எண்ணம் நிலவுகிறது. "உணவுக்கு முன்", "உணவுக்குப் பின்" என்று மருந்து உறையில் எழுதியிருப்பதோடு எல்லாம் முடிந்துவிட்டதாகக் கருதுகிறோம்.

மருந்தைத் தேனில் குழைத்தால் ஒரு பயன், நெய்யில் கொடுத்தால் வேறு பயன், வெந்நீரில் கொடுத்தால் மற்றொரு பயன் என்று அனுபானத்தை வகுத்த மரபு நம்முடையது. உடன் செல்லும் பொருள் மருந்தின் போக்கை மாற்றும் என்பது நமக்குப் புதிய செய்தியன்று. அந்த அறிவை ஆங்கில மருந்துக்கும் பொருத்திப் பார்க்கத் தவறுகிறோம் என்பதே குறை. மூலிகைப் பொடி, கஷாயம், லேகியம், சத்து மாத்திரை ஆகியவற்றை மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்துகளோடு சேர்த்து உட்கொள்ளும்போது என்ன நேரலாம், யார் மிகுந்த எச்சரிக்கையோடு இருக்க வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

"வேறு மருந்து ஏதேனும் உட்கொள்கிறீர்களா?" என்று மருத்துவமனையில் ஒவ்வொரு முறையும் கேட்கிறோம். "இல்லை" என்பதே பெரும்பாலானோரின் மறுமொழி. அவர்கள் பொய் சொல்வதில்லை. காலையில் வெறும் வயிற்றில் குடிக்கும் பாகற்காய்ச் சாற்றையும், இரவில் பாலில் கலந்து குடிக்கும் அமுக்கராப் பொடியையும், வெளிநாட்டிலிருந்து மகன் வாங்கி அனுப்பிய மஞ்சள் மாத்திரையையும் அவர்கள் மருந்துக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. சிலர் மருத்துவர் கடிந்துகொள்வாரோ என்று தயங்கிச் சொல்லாமல் விடுவதும் உண்டு. நோயாளி "இல்லை" என்று சொல்லும்போது அருகில் நிற்கும் மருமகளுக்கோ மனைவிக்கோ உண்மை தெரிந்திருக்கும். ஆனால் அவர்களும் அதைப் பொருட்படுத்திச் சொல்வதில்லை.

அந்த ஒற்றைச் சொல்லால் விளையக்கூடியதை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தப்பட்ட அறுபது வயது அம்மையார் ஒருவர், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையை உட்கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். உடல் வலுப்பெற நாள்தோறும் இரண்டு கரண்டி முருங்கையிலைப் பொடியைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்குகிறார். அடுத்த பரிசோதனையில், மாத்திரை போதிய அளவு வேலை செய்யவில்லை என்று தெரிகிறது. பொடியைப் பற்றி அறியாத மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டுகிறார். கணக்கு சரியாகிவிடுகிறது. இரண்டு மாதங்களில் பொடி தீர்ந்துபோகிறது, மறுபடி வாங்கவில்லை. கூட்டிய மாத்திரை மட்டும் தொடர்கிறது. இப்போது தடையின்றி வேலை செய்யும் அந்த மாத்திரை, பல் ஈறிலோ, குடலிலோ, மூளையிலோ இரத்தக் கசிவை உண்டாக்கலாம். இதில் மருத்துவர் தவறாகக் கணிக்கவில்லை; நோயாளியும் விதிப்படியே மாத்திரையை உட்கொண்டார். பொடி தொடங்கியதும் நின்றதும் மருத்துவர் அறியாமல் நடந்தன என்பதே அங்கே நேர்ந்த இடர். மூலிகையைத் தொடங்குவதில் மட்டுமே ஆபத்து உண்டு என்று எண்ணுவோர் இதைச் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

செடியிலிருந்து வந்த மாத்திரைகள்

"மூலிகைதானே, தீங்கு செய்யாது" என்பது அடிக்கடி காதில் விழும் சொல். இன்று மருந்துக் கடையில் விற்கும் மாத்திரைகள் பலவற்றின் பிறப்பிடம் செடிதான். இதயச் செயலிழப்புக்குத் தரப்படும் டிகாக்சின், நரிக்கையுறைச் செடி எனப்படும் டிஜிட்டாலிஸ் இனத்திலிருந்து பெறப்படுகிறது. அச்செடியின் இலையை நோயாளிகளுக்குக் கொடுத்து அளவை நிறுத்துப் பார்த்து, வில்லியம் விதரிங் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1785-இல் நூலாக எழுதினார். அளவு சிறிது கூடினாலும் நஞ்சாகும் என்பதையும் அவர் அதில் பதிந்திருக்கிறார்.

வார்ஃபாரினின் கதை இன்னும் வியப்பானது. 1920-களில் வட அமெரிக்காவில் மாடுகள் காரணம் தெரியாமல் இரத்தம் கசிந்து இறந்தன. இனிப்பு குளோவர் எனப்படும் தீவனப்புல் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துக் கெட்டுப்போனதே காரணம் என்று கண்டறிந்தனர். அப்புல்லில் உண்டான பொருளை விஸ்கான்சினில் கார்ல் லிங்க் என்ற வேதியியலாளரின் குழு பிரித்தெடுத்தது. அதன் வழியில் உருவான வார்ஃபாரின் முதலில் எலி மருந்தாக விற்கப்பட்டது. 1954-இல் மனிதருக்கான மருந்தாக ஏற்கப்பட்டது. தீவனமாகவும் நஞ்சாகவும் மருந்தாகவும் ஒரே புல் இருந்திருக்கிறது. செடியில் இருப்பதும் வேதிப்பொருளே. நம் உடல் அதை எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பார்ப்பதில்லை.

சேதாரக் கணக்கு

நாம் விழுங்கும் மாத்திரை முழுவதும் இரத்தத்தைச் சேர்வதில்லை. சிறுகுடலின் சுவரிலும் கல்லீரலிலும் உள்ள நொதிகள் அதன் ஒரு பகுதியைச் சிதைத்துவிடும். நகை செய்யும்போது சேதாரம் கணக்கிடுவது போல, இந்த இழப்பையும் கணக்கிட்டே மருந்தின் அளவை நிர்ணயிக்கிறார்கள். சில மூலிகைகள் இந்நொதிகளின் வேலையைத் தடுக்கின்றன. அப்போது சேதாரம் குறைந்து, எதிர்பார்த்ததைவிட அதிக மருந்து இரத்தத்தில் சேரும். ஒரு மாத்திரை விழுங்கியவர் இரண்டு விழுங்கியவரைப் போல ஆவார். வேறு சில மூலிகைகள் நொதிகளைப் பெருக்கிவிடுகின்றன. அப்போது மருந்து வேலை செய்யுமுன்பே கரைந்துவிடும்.

முதல் வகைக்கு நம் சமையலறையிலேயே சான்று இருக்கிறது. மிளகிலும் திப்பிலியிலும் பைப்பரின் என்ற காரப்பொருள் உள்ளது. இது நொதிகளைத் தடுத்து, பல மருந்துகள் உடலில் கூடுதலாகச் சேர வழிசெய்கிறது. சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றையும் சேர்த்த திரிகடுகம் நம் மருந்துகள் பலவற்றில் இடம்பெற்றதற்கு இத்தன்மையும் ஒரு காரணமாக இருக்கலாம். ஜம்முவிலுள்ள மத்திய அரசின் ஆய்வுக்கூடத்தில் நடந்த ஆராய்ச்சியின் பயனாக, மிளகுச் சத்தைச் சேர்த்து, காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினின் அளவைப் பாதிக்கும் கீழாகக் குறைத்த மாத்திரையே நம் நாட்டில் உருவாக்கப்பட்டது. அறிந்து, அளந்து செய்தால் இது நன்மை. அறியாமல் நேர்ந்தால் நிலைமை வேறு. வலிப்பு நோய்க்கான ஃபெனிட்டோயின் மாத்திரையுடன் பைப்பரின் சேரும்போது இரத்தத்தில் மாத்திரையின் அளவு உயர்வதை இந்திய ஆய்வுகள் காட்டியுள்ளன. ஃபெனிட்டோயின் மிகுந்தால் தலைசுற்றல், நடையில் தள்ளாட்டம், கண்கள் நிலைகொள்ளாமல் அசைதல், பேச்சுக் குழறல் ஆகியவை தோன்றும். குடித்துவிட்டு வந்தவரோ என்று பிறர் ஐயுறும் அளவுக்கும் போகலாம்.

அதே ஃபெனிட்டோயினுக்கு நேர்மாறான அனுபவமும் பதிவாகியிருக்கிறது. நினைவாற்றலுக்காக விற்கப்படும் சங்குபுஷ்பிப் பாகை உட்கொண்ட நோயாளிகளுக்கு, கட்டுப்பாட்டில் இருந்த வலிப்பு எதிர்பாராமல் மீண்டும் வந்தது. அப்பாகு ஃபெனிட்டோயினின் அளவைக் குறைத்துவிடுகிறது என்று 1992-இல் வெளியான இந்திய ஆய்வு விளக்கியது. தேர்வு நெருங்கும்போது பிள்ளைகளுக்கு நினைவாற்றல் பாகு வாங்கிக் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. வலிப்புக்கு மருந்து உட்கொள்ளும் பிள்ளைக்கு அதைக் கொடுக்குமுன் நரம்பியல் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும்.

மிளகு ரசத்தைக் கைவிட வேண்டுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. நாள்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் உண்ணும் உணவுக்கு ஏற்ப மருந்தின் அளவு தானாகவே ஒத்துப்போய்விடும். புதிதாகத் தொடங்கும் செறிவான பொடி, சூரணம், மாத்திரை ஆகியவையே கவலைக்குரியவை.

உணவுக்கும் செறிவூட்டிய மாத்திரைக்கும் உள்ள தொலைவை மஞ்சள் நன்றாகக் காட்டும். சமையல் மஞ்சளில் குர்குமின் என்ற பொருள் நூற்றுக்கு மூன்று பங்கு அளவிலேயே உண்டு. அதிலும் பெரும்பகுதி உடலில் சேராமலே வெளியேறிவிடும். மாத்திரையிலோ குர்குமினை மட்டும் பிரித்து அடைத்திருப்பார்கள். அத்துடன் மிளகுச் சத்தையும் சேர்த்திருப்பார்கள். மிளகுச் சத்து சேர்ந்தால் குர்குமின் உடலில் சேரும் அளவு இருபது மடங்கு உயர்கிறது என்று பெங்களூரு ஆய்வாளர்கள் 1998-இல் கண்டறிந்ததே இதற்கு அடிப்படை. "தினமும் குழம்பில் போடும் மஞ்சள்தானே" என்று அந்த மாத்திரையை எண்ணுவது பொருந்தாது.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோர்

வார்ஃபாரின், அசிட்ரோம் என்ற பெயரில் பலரும் அறிந்த அசினோகுமரால் ஆகிய மாத்திரைகளுக்குப் பயன் தரும் அளவுக்கும் தீங்கு தரும் அளவுக்கும் இடையே உள்ள வெளி மிகக் குறுகியது. அதனால்தான் ஐஎன்ஆர் எனப்படும் இரத்தப் பரிசோதனையை அடிக்கடி செய்யச் சொல்கிறோம். பெரும்பாலானோருக்கு அந்த எண் 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும். சில வகை வால்வு பொருத்தியவர்களுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். குறைந்தால் வால்வில் இரத்தக்கட்டி உருவாகிப் பக்கவாதம் வரக்கூடும். மிகுந்தால் இரத்தக் கசிவு நேரும்.

2018-இல் நியூசிலாந்தின் மருந்துக் கண்காணிப்பு அமைப்பு ஒரு நிகழ்வைக் குறிப்பிட்டு எச்சரிக்கை வெளியிட்டது. வார்ஃபாரின் உட்கொண்டு, ஐஎன்ஆர் நிலையாக இருந்துவந்த ஒருவர் மஞ்சள் சத்து மாத்திரையைத் தொடங்கினார். சில வாரங்களில் அவருடைய ஐஎன்ஆர் 10-ஐத் தாண்டியது. அந்த அளவில் சிறு காயமும் பெரிய இரத்தப்போக்காக மாறலாம்.

பூண்டு மாத்திரை, ஜின்கோ மாத்திரை ஆகியவையும் இரத்தம் உறையும் தன்மையைக் குறைக்கக்கூடியவை. ஸ்டென்ட் பொருத்தியபின் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் ஆகிய இரண்டையும் உட்கொள்பவர், கொழுப்பைக் கரைக்கும் என்று நம்பிப் பூண்டு மாத்திரையையும் சேர்த்தால், ஒரே திசையில் மூன்று பொருள்கள் வேலை செய்கின்றன என்று பொருள்.

கீரையின் போக்கு எதிர்த்திசையில் அமைகிறது. முருங்கை, பாலக் போன்ற கரும்பச்சைக் கீரைகளில் வைட்டமின் கே நிறைந்துள்ளது. வார்ஃபாரின் தடுக்க முயல்வதும் வைட்டமின் கே-யின் வேலையையே. ஆகவே கீரை மிகுந்தால் மாத்திரையின் வலிமை குறையும். இதைக் கேட்டவுடன் சிலர் கீரையை முற்றிலும் விலக்கிவிடுகிறார்கள். அதுவும் வேண்டாத வேலை. வாரத்தில் இரண்டு நாள் கீரை உண்பவர் அப்படியே உண்ணட்டும். அளவு வாரத்துக்கு வாரம் பெரிதும் மாறாமல் இருந்தால் போதும். உலர்த்திப் பொடித்த இலை வேறு கணக்கு: ஒரு கட்டுக் கீரை சில கரண்டிப் பொடியாகச் சுருங்கிவிடுவதால், உண்ணும் அளவு நமக்கே தெரியாமல் பெருகிவிடும்.

"இரண்டு மணி நேரம் இடைவெளி விடுகிறேன்"

இரண்டு முறை மருந்துகளையும் சேர்த்து உட்கொள்வோர் பலர் சொல்லும் அமைதி இது. காலையில் ஆங்கில மருந்து, மாலையில் நாட்டு மருந்து என்று பிரித்துக்கொண்டால் ஒன்றோடொன்று மோதாது என்று நம்புகிறார்கள். இந்நம்பிக்கை பாதி உண்மை. எந்தப் பாதி என்று தெரிந்துகொள்வது நல்லது.

வயிற்றிலும் குடலிலும் ஒரு பொருள் மற்றொன்றைப் பிடித்துவைத்துக்கொள்வதால் ஏற்படும் சிக்கலுக்கு இடைவெளி உதவும். சங்கு பற்பம் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து. அயச் செந்தூரம் இரும்பு. இவை தைராக்சின் மாத்திரையையும், டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளையும் குடலில் பிணைத்து உடலில் சேரவிடாமல் தடுக்கும். மலச்சிக்கலுக்கு உட்கொள்ளும் இசப்கோல் உமியும் மருந்துகளைத் தன்னுள் இழுத்துக்கொள்ளும். தைராக்சினை அதிகாலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் மட்டும் விழுங்கி, சுண்ணாம்பு, இரும்பு உள்ளவற்றை நான்கு மணி நேரம் கழித்து உட்கொண்டால் இச்சிக்கல் நீங்கும்.

நொதிகளை மாற்றும் பொருள்களுக்கு இது பொருந்தாது. அவை குடலைக் கடந்து சென்றபின்னும் அவற்றின் விளைவு தங்கிவிடுகிறது. கனடாவில் டேவிட் பெய்லி என்ற ஆய்வாளர், இரத்த அழுத்த மருந்து ஒன்றையும் மதுவையும் பற்றி ஆராய்ந்தபோது, மதுவின் சுவை தெரியாதிருக்கக் கிரேப்ஃப்ரூட் பழச்சாற்றில் கலந்து கொடுத்தார். மருந்தின் அளவு எதிர்பாராமல் உயர்ந்தது. காரணம் மதுவன்று, பழச்சாறு என்று பின்னர் தெரிந்தது. ஒரே ஒரு குவளைச் சாற்றின் விளைவு ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கும். அப்பழத்தின் நெருங்கிய உறவான பம்பளிமாஸ் பழத்திலும் அதே வகைப் பொருள்கள் உண்டு. கொழுப்புக் குறைப்பு மாத்திரைகளான அட்டோர்வாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின் உட்கொள்வோரும், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களும் இப்பழத்தைக் குறித்து மருத்துவரிடம் கேட்டுத் தெளிய வேண்டும்.

நொதிகளைப் பெருக்கும் மூலிகையின் விளைவோ வாரக்கணக்கில் நிற்கும். மனச்சோர்வுக்காக மேலை நாடுகளில் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை இதற்குப் பேர்போனது. இங்கே அதிகம் புழங்காவிட்டாலும், அயல்நாட்டு உறவினர்களின் பைகளில் வந்து சேர்வதால் குறிப்பிடுகிறோம். சூரிச் நகரில் இதய மாற்று அறுவை செய்துகொண்ட இருவர் இதை உட்கொண்டபின், சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவு சரிந்து, பொருத்திய இதயத்தை அவர்கள் உடல் எதிர்க்கத் தொடங்கியது. 2000-ஆம் ஆண்டில் வெளியான அவ்வறிக்கைக்குப் பின்னரே உலகெங்கும் மருத்துவர்கள் விழித்துக்கொண்டனர். சிறுநீரகம், கல்லீரல், இதயம் மாற்றிக்கொண்டவர்கள் எந்த மூலிகையையும், நோய் எதிர்ப்பாற்றலைக் கூட்டும் என்று சொல்லப்படும் எதையும், தம் சிகிச்சைக் குழுவைக் கேளாமல் தொடக்கூடாது. 2020-இல் வீடுதோறும் காய்ச்சிக் குடித்த கபசுரக் குடிநீரில் 15 சரக்குகள் உள்ளன. சீந்தில், நிலவேம்பு, திப்பிலி மூன்றும் அவற்றுள் அடங்கும். எதிர்ப்பாற்றலை அடக்கிவைக்கவே மருந்து உட்கொள்பவருக்கு, அதைத் தூண்டும் சரக்குகள் எவ்வாறு பொருந்தும்?

சர்க்கரையும் இரத்த அழுத்தமும்

பாகற்காய், சிறுகுறிஞ்சான், வெந்தயம் ஆகியவற்றுக்கு இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் தன்மை ஓரளவு உண்டு. அதனாலேயே எச்சரிக்கை தேவைப்படுகிறது. இன்சுலினோ, கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையோ உட்கொள்பவர், இவற்றின் சாற்றையோ பொடியையோ கூடுதலாகச் சேர்த்து, அன்று பார்த்து விரதமும் இருந்தால் சர்க்கரை சட்டென்று தாழ்ந்துவிடலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு, கடும் பசி, பேச்சில் குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். முதியவர்களுக்கு இவை தெளிவாகத் தோன்றாமல், உறக்கக் கலக்கம் போல மட்டும் தெரியக்கூடும். பொரியலாக உண்ணும் பாகற்காய்க்கு இந்த அச்சம் வேண்டியதில்லை.

அதிமதுரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தொண்டைக் கமறலுக்கு ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொள்வதில் பிழையில்லை. ஆனால் வாரக்கணக்கில் பொடியாகவோ கஷாயமாகவோ தொடர்ந்தால், அதிலுள்ள கிளிசிரைசின் என்ற பொருள் சிறுநீரகத்தில் ஒரு நொதியைத் தடுத்து, உடலில் உப்பையும் நீரையும் தங்கவைக்கிறது, பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது. இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உட்கொண்டும் அழுத்தம் குறையவில்லையே என்று மருந்தை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்களிடம் நாம் இதைக் கேட்பதுண்டு. இதய நோயாளிகளுக்கு இடர் இன்னும் பெரிது. நீர்வீக்கத்திற்காகத் தரும் ஃபுரோசிமைடு மாத்திரையும் பொட்டாசியத்தை வெளியேற்றும். இரண்டும் சேர்ந்து பொட்டாசியம் மிகத் தாழ்ந்த நிலையில், டிகாக்சின் வழக்கமான அளவிலேயே நஞ்சாக மாறி, இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கும்.

அமுக்கரா பலருக்கும் பழக்கமானது. தூக்க மாத்திரையுடனோ மனநோய் மருந்துகளுடனோ சேர்ந்தால் மயக்கத்தைக் கூட்டலாம். தைராய்டு சுரப்பைத் தூண்டக்கூடும் என்பதால் தைராக்சின் உட்கொள்வோர் தெரிவிக்க வேண்டும். அமுக்கரா, சீந்தில் இரண்டிலும் அரிதாகக் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. சீந்திலைக் குறித்து நம் நாட்டுக் கல்லீரல் மருத்துவர்களின் அறிக்கைகளை ஆயுஷ் அமைச்சகம் மறுத்ததும் உண்டு. அந்த விவாதம் எப்படி முடிந்தாலும், காசநோய் மருந்து போலக் கல்லீரலுக்குச் சுமையான மருந்தை உட்கொள்ளும் மாதங்களில் மேலும் ஒரு சுமையை ஏற்றாதிருப்பதே அறிவுடைமை.

சீட்டில் எழுதாத சரக்கு

இதுவரை சொன்னவை, உறையின் மேல் எழுதியிருப்பதே உள்ளேயும் இருக்கிறது என்று கொண்டு சொன்னவை. எப்போதும் அவ்வாறு இருப்பதில்லை. 2008-இல் சிங்கப்பூரில், சர்க்கரை நோயே இல்லாத ஏறத்தாழ 150 பேர் சர்க்கரை மிகத் தாழ்ந்த நிலையில் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர்; நால்வர் இறந்தனர். ஆண்மைக் குறைவுக்கென்று விற்கப்பட்ட மாத்திரைகளில் சர்க்கரை நோய் மருந்தான கிளிபென்கிளமைடு கலந்திருந்ததே காரணம். 2004-இல் வெளியான ஆய்வொன்று, அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தது. 14-இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று காணப்பட்டது.

நம்மூரில் அதிகம் அஞ்ச வேண்டியது மூட்டுவலிக்கும் ஆஸ்துமாவுக்கும் உறையோ உரிமமோ இல்லாமல் பொட்டலமாகக் கிடைக்கும் பொடிகளை. "மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது" என்று யாரேனும் சொன்னால், அப்பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்ற ஐயம் எங்களுக்கு முதலில் எழும். முகம் உப்புதல், பசி பெருகுதல், கட்டுப்பாட்டில் இருந்த சர்க்கரை காரணமின்றி ஏறுதல் ஆகியவை அதன் அடையாளங்கள். மாதக்கணக்கில் உட்கொண்ட ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் உடல் தாங்காது. இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே இப்படிப்பட்ட பொடியை நெடுநாள் உட்கொண்டவர்கள் அதைக் குப்பையில் வீசிவிட்டுச் சும்மா இருந்துவிடாமல், கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் வர வேண்டும். படிப்படியாக எப்படி விடுபடுவது என்று அவர் சொல்வார்.

முறையாகப் படித்துப் பதிவுபெற்ற சித்த, ஆயுர்வேத மருத்துவர்களிடம் சிகிச்சை பெறுவது வேறு. அவர்களுக்கும் ஒரு பாதி மறைக்கப்படுகிறது என்பதே எங்கள் வருத்தம். இங்கே பெறும் ஆங்கில மருந்துகளின் சீட்டை அவர்களிடம் காட்டுங்கள். அவர்கள் தந்த சீட்டை இங்கே காட்டுங்கள். கேட்காமலே கடையில் வாங்குவதும், கைப்பேசியில் வந்த செய்தியைப் பார்த்துத் தொடங்குவதும்தான் இருவர் கண்ணிலும் படாமல் போகின்றன.

அடுத்த முறை வரும்போது

மருந்துச் சீட்டோடு, வீட்டில் இருக்கும் பொடி, லேகியம், சத்து மாத்திரை, தைலம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். புட்டியைக் கொண்டுவர இயலாவிட்டால் உறையின் இரு பக்கங்களையும் கைப்பேசியில் படமெடுத்து வந்தால் போதும். எப்போது தொடங்கினீர்கள், நாளைக்கு எவ்வளவு, எப்போது நிறுத்தினீர்கள் என்பவற்றை உடனிருப்பவர் ஒரு தாளில் குறித்துவைக்கலாம். யாரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டார்கள். பலவற்றைத் தொடரலாம் என்றே சொல்லப்படும். சிலவற்றுக்கு நேரம் மாற்றித் தரப்படும். ஒன்றிரண்டை விடச் சொல்லலாம். இக்கட்டுரையைப் படித்த கையோடு நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். குறிப்பாக மருத்துவர் எழுதிய மாத்திரையை நிறுத்தவே கூடாது.

வார்ஃபாரின், அசினோகுமரால், டிகாக்சின், ஃபெனிட்டோயின், லித்தியம், தியோஃபிலின், சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ், தைராக்சின் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று உங்கள் சீட்டில் இருந்தால், புதிய மூலிகை எதையும் தொடங்குமுன் தொலைபேசியிலாவது கேளுங்கள். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கும், கருவுற்ற பெண்களுக்கும் இது பொருந்தும். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால், மூலிகை மாத்திரைகளைப் பற்றிக் குறைந்தது இரண்டு வாரங்களுக்கு முன்பே மயக்க மருந்து மருத்துவரிடம் தெரிவியுங்கள். பூண்டு, ஜின்கோ போன்றவற்றை அதற்குள் நிறுத்தச் சொல்வார்.

சிறுநீரிலோ மலத்திலோ இரத்தம், தார் போன்ற கருமலம், நிற்காத மூக்குக் கசிவு, காரணமின்றித் தோலில் நீலத் திட்டுகள், திடீர்க் கடுந்தலைவலி, கண்ணும் தோலும் மஞ்சளித்தல், நினைவு தடுமாறுதல், வலிப்பு மீண்டும் வருதல், இதயம் தாறுமாறாகத் துடித்தல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு வாருங்கள், 108-ஐ அழைக்கலாம். சர்க்கரை தாழ்ந்ததாக ஐயம் எழுந்தால், விழுங்கும் நிலையில் இருப்பவருக்கு முதலில் மூன்று கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்துவிட்டு அழையுங்கள். மருந்தாலோ மூலிகையாலோ தீங்கு நேர்ந்ததாகக் கருதினால், நோயாளியோ குடும்பத்தாரோ நேரடியாகவே இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். எங்கள் மருந்தகத்திலும் அதற்கான படிவம் உண்டு. நிரப்ப உதவி செய்வோம். வரும்போது, நீங்கள் உட்கொண்ட பொடியில் சிறிதளவை அதன் உறையோடு எடுத்துவர மறவாதீர்கள்.